ஆங்கிலப் பேச்சுத் திறனை வகுப்பறையில் மதிப்பிடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ் வழியில் 6 முதல் 10ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியர்களை மனதில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலம் எழுத்துத் தேர்வுதான். பேச்சுக்கென்று தனி மதிப்பெண் கிடையாது. பேச்சைச் சோதிக்க மிஞ்சியிருக்கும் இடம் வளரறி மதிப்பீடும் பள்ளி அளவிலான தேர்வுகளும்தான். அந்த இடத்தையும் பெரும்பாலும் மனப்பாடம் பிடித்துக்கொள்கிறது. அதை மீட்பது பற்றித்தான் கீழே உள்ள பதில்களில் பாதி.

பாடத்தை உரக்க வாசிக்கச் சொல்லி மதிப்பெண் போடுகிறோம். அது பேச்சுத் தேர்வு ஆகாதா?

ஆகாது, அது வாசிப்புத் தேர்வு. வாசிக்கும்போது சொற்கள் கண்முன்னே இருக்கின்றன. பேசும்போது என்ன சொல்வது, எந்தச் சொல்லால் சொல்வது, எதிரே இருப்பவருக்குப் புரிந்ததா என்ற மூன்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும். கணீரென்று வாசிக்கும் பிள்ளை ‘வாட் டிட் யூ ஈட் திஸ் மார்னிங்?’ என்று கேட்டதும் திகைத்து நிற்பதை ஆங்கில ஆசிரியர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். உச்சரிப்பைத் தெரிந்துகொள்ள வாசிக்கச் சொல்வதில் தவறில்லை. அந்த மதிப்பெண்ணைப் பேச்சுக்கான கட்டத்தில் எழுதக் கூடாது. செய்யுள் ஒப்பிப்பதற்கும் இதே கணக்குதான்.

தலைப்பு கொடுத்து, வீட்டில் தயார் செய்து வரச் சொல்லலாமா?

தலைப்பைச் சொல்லலாம், கேள்வியைச் சொல்லக் கூடாது. ‘மை ஃபேமிலி’, ‘மை ஸ்கூல்’ என்று தலைப்பு கொடுத்துவிட்டால் அடுத்த நாள் வகுப்பு முழுக்க ஒரே நோட்ஸ் நாற்பது குரலில் கேட்கும். டியூஷனில் எழுதிக்கொடுத்ததற்கு நீங்கள் மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

மனப்பாடத்தைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. மூச்சு விடும் இடம் வாக்கியத்தோடு பொருந்தாது. கண் மேலே போகும். நடுவில் ஒரு சொல் மறந்தால் முதல் வாக்கியத்திலிருந்து மறுபடி தொடங்குவார். பேச்சில் இருக்கும் மொழியும், கேள்விக்கான பதிலில் இருக்கும் மொழியும் இரண்டு வேறு ஆட்களுடையது போல் இருக்கும். சந்தேகம் வந்தால் குறுக்கிட்டு, அவர் சொன்னதிலிருந்தே ஒரு சின்னக் கேள்வி கேளுங்கள். ‘மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்’ என்று சொன்னவரிடம் ‘வாட் இஸ் ஹி குரோயிங் நவ்?’ என்று கேட்டால் போதும். பதில் வந்தால் அது அவருடைய ஆங்கிலம், மதிப்பெண் அதற்குத்தான். வராவிட்டால் ஒப்பித்த பகுதியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். திட்டவும் வேண்டாம்; இதுவரை பள்ளி கேட்டது அதைத்தானே.

40 பேர் வகுப்பில் ஒவ்வொருவரிடமும் பேச நேரம் ஏது?

தனித்தனியாகக் கூப்பிட்டால் நேரம் போதாது. இரண்டிரண்டு பேராகக் கூப்பிடுங்கள். ஒரு ஜோடிக்கு 8 நிமிடம். மதிப்பெண் எழுதி அடுத்த ஜோடியை அழைக்க 2 நிமிடம். 40 நிமிடப் பாடவேளையில் நான்கு ஜோடி, அதாவது 8 பேர். 40 பேருக்கு ஐந்து பாடவேளை ஆகும்.

இந்த ஐந்தையும் ஒரே வாரத்தில் அடுக்காமல், வாரம் ஒரு பாடவேளை என்று ஐந்து வாரத்துக்குப் பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது. ஐந்தாம் வாரத்தில் வருபவருக்கு நான்கு வாரம் கூடுதல் பயிற்சி கிடைக்கும் என்பது உண்மை. அடுத்த பருவத்தில் வரிசையைத் திருப்பிப் போட்டால் அது ஈடாகிவிடும்.

எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் கடைசிக் குழுவில் மூன்று பேரை வைத்து 12 நிமிடம் கொடுங்கள். மீந்த ஒருவரைத் தனியாக ஆசிரியரோடு பேசவிட்டால் அவருக்கு மட்டும் வேறு தேர்வு நடந்ததாக ஆகும். நேரத்தை மிச்சப்படுத்த ஜோடிக்கு 4 நிமிடம் என்று குறைப்பதும் வீண். முதல் ஒரு நிமிடம் பதற்றம் அடங்கவே போய்விடும். மிச்சத்தில் ஆளுக்கு ஒன்றரை நிமிடப் பேச்சுதான் கிடைக்கும்.

அந்த 8 நிமிடத்தில் என்ன செய்வது?

முதல் நிமிடம் அறிமுகம். பெயர், ஊர், காலையில் எப்படிப் பள்ளிக்கு வந்தார் என்று எளிய கேள்விகள். இதற்கு மதிப்பெண் இல்லை. குரல் திறக்கத்தான் இது.

அடுத்த 3 நிமிடம் படம். ஆளுக்கு ஒரு படம், ஒன்றரை நிமிடம். படத்தைக் கொடுத்தபின் 20 வினாடி பார்க்க விடுங்கள். ‘டெல் மீ அபவுட் திஸ் பிக்சர்’ என்று தொடங்கி, பேச்சு நின்றதும் இரண்டு கேள்வி. ஒன்று படத்தில் இருப்பதைப் பற்றி, மற்றொன்று படத்தில் இல்லாததைப் பற்றி: அடுத்து என்ன நடக்கும், நீ அங்கே இருந்தால் என்ன செய்வாய்.

பிறகு 3 நிமிடம் இருவரும் ஒருவரோடொருவர் பேச வேண்டும். ஆசிரியர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ள வேண்டிய நேரம் இது. பெரும்பாலான பள்ளிகளில் விடுபடும் பகுதியும் இதுதான். கடைசி ஒரு நிமிடத்தில் ஜோடியாக எடுத்த முடிவைப் பற்றி ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டு முடியுங்கள்.

ஜோடிப் பேச்சுக்கு எந்த மாதிரிப் பணி சரிவரும்?

இருவரிடமும் வேறு வேறு தகவல் இருக்க வேண்டும், அல்லது இருவரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பேசத் தேவையே இருக்காது.

ஓர் எடுத்துக்காட்டு: வகுப்பில் ஒரு தோழிக்குப் பிறந்தநாள், கையில் 200 ரூபாய். அட்டையில் ஆறு பொருளின் படமும் விலையும் இருக்கின்றன: பேனா, தண்ணீர் பாட்டில், கதைப் புத்தகம், வளையல், கேக், செடி. எதை வாங்கலாம் என்று முடிவு செய்ய வேண்டும். இதில் விலை சொல்ல வேண்டியிருக்கிறது, காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது, மறுக்கவும் இடம் இருக்கிறது. ‘டிஸ்கஸ் பொல்யூஷன்’ என்று கொடுத்தால் இருவரும் மாறி மாறிக் கட்டுரை வாசிப்பார்கள்.

ஏழாம் வகுப்புவரை தகவல் இடைவெளிப் பணி எளிது. ஒருவரிடம் பேருந்து நேர அட்டையின் பாதி, மற்றவரிடம் மீதி. கேட்டு நிரப்ப வேண்டும். இருவரின் அட்டையும் ஒருவருக்கொருவர் தெரியாதபடி நடுவில் ஒரு புத்தகத்தை நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் எட்டிப் பார்த்து எழுதிவிட்டு ‘ஃபினிஷ்ட் மிஸ்’ என்பார்கள்.

படம் எங்கிருந்து எடுப்பது?

செய்தித்தாள், பழைய நாட்காட்டி, பாடநூலின் வேறு வகுப்புப் படங்கள் என எதுவும் ஆகும். ஆட்கள் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும், ஒரு சிறு சிக்கலும் இருக்க வேண்டும்: மழையில் நிற்கும் பேருந்து நிறுத்தம், கூட்டமான ரேஷன் கடை, பழுதான சைக்கிள். இயற்கைக்காட்சியும் தலைவர் படமும் வேண்டாம். ‘பியூட்டிஃபுல்’, ‘கிரேட் லீடர்’ என்பதற்கு மேல் சொல்ல அதில் ஒன்றுமில்லை. பிள்ளைகள் பார்த்தே இராத பனிச்சறுக்கும் விமான நிலையமும் ஆங்கிலத்தைச் சோதிக்காது, அனுபவத்தைத்தான் சோதிக்கும்.

குறைந்தது நான்கு தொகுதி படமும் பணியும் வைத்திருங்கள். முதல் ஜோடி வெளியே போன பத்தாவது நிமிடத்தில் கேள்வி வராந்தா முழுக்கப் பரவியிருக்கும்.

கேள்வியை நேரத்துக்குத் தகுந்தபடி கேட்டுக்கொள்ளலாமா, எழுதி வைத்திருக்க வேண்டுமா?

எழுதி வைத்திருங்கள். நன்றாகப் பேசும் பிள்ளையிடம் நம்மை அறியாமல் நல்ல கேள்வியாகக் கேட்போம். தயங்கும் பிள்ளையிடம் ‘இஸ் இட் எ பாய் ஆர் எ கேர்ள்?’ என்று இறங்கிவிடுவோம். பிறகு முதலாமவருக்கு 9, இரண்டாமவருக்கு 4 போட்டால் அந்த வித்தியாசத்தில் பாதி நாம் உண்டாக்கியது.

ஒவ்வொரு கேள்விக்கும் கீழே அதன் எளிய வடிவம் ஒன்றையும் எழுதுங்கள். ‘வொய் ஆர் தே வெயிட்டிங்?’ என்பதற்குப் பதில் இல்லையென்றால், ஒருமுறை அப்படியே மெதுவாகத் திரும்பக் கேளுங்கள். அப்போதும் இல்லையென்றால் ‘தே ஆர் வெயிட்டிங். ஃபார் எ பஸ்? ஃபார் எ ட்ரெயின்?’ என்ற எளிய வடிவம். எளிய வடிவத்துக்குப் போனால் தாளில் ஒரு சிறு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் மதிப்பெண் போடும்போது அந்தக் கோடுகள் உதவும்.

ஆம், இல்லை என்று முடியும் கேள்விகள் அறிமுகத்துக்கு மட்டும்.

எந்த அளவுகோலை வைத்து மதிப்பெண் போடுவது?

10 மதிப்பெண்ணுக்குள் அடக்க வேண்டுமானால் நான்கு வரிசை போதும்.

செய்திக்கு 3. கேட்டதற்குப் பதில் சொல்லி, தானாக ஒரு காரணமோ விவரமோ சேர்த்தால் 3. பதில் புரிகிறது, ஆனால் ஒவ்வொன்றையும் நாம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்றால் 2. ஒற்றைச் சொல்லோடு நின்றால் 1. பதிலே இல்லை என்றால் 0.

உரையாடலுக்கு 3. ஜோடியிடம் தானே கேள்வி கேட்பது, அவர் சொன்னதை ஒட்டிப் பேசுவது, புரியாதபோது ‘சே இட் அகெய்ன்’ என்று கேட்பது எல்லாம் இருந்தால் 3. பதில் சொல்கிறார், தூண்டினால் கேட்கிறார் என்றால் 2. ஜோடியை விட்டுவிட்டு ஆசிரியர் முகத்தைப் பார்த்தே பேசினால் 1. பேச்சில் பங்கே எடுக்காவிட்டால் 0.

மொழிக்கு 2. பிழையோடாவது வாக்கியமாகப் பேசினால் 2, துண்டு துண்டான தொடர்கள் 1, ஒற்றைச் சொற்கள் மட்டும் என்றால் 0. உச்சரிப்புக்கு 2. திரும்பக் கேட்கத் தேவையில்லை என்றால் 2, சில இடங்களில் கேட்க நேர்ந்தால் 1, பெரும்பாலும் புரியாவிட்டால் 0.

செய்திக்கும் உரையாடலுக்கும் சேர்த்து 6 கொடுத்திருப்பது தெரிந்தேதான். எழுத்துத் தேர்வில் இலக்கணத்துக்கு நிறைய இடம் இருக்கிறது. சரளத்துக்குத் தனி வரிசை இல்லாததற்கும் காரணம் உண்டு. அப்படி ஒன்று இருந்தால் வேகமாகப் பேசுபவருக்கே முழு மதிப்பெண் போய்விடும். வேகமாகப் பேசுபவர்களில் முதல் ஆள் ஒப்பிப்பவர்.

அரை மதிப்பெண் வேண்டாம். 2க்கும் 3க்கும் நடுவில் தடுமாறினால், ‘தானாக ஒன்றைச் சேர்த்தாரா?’ என்று மட்டும் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு பதிலுக்கு மதிப்பெண் போட்டுக் காட்ட முடியுமா?

எட்டாம் வகுப்பு அளவில், மழையில் பேருந்து நிறுத்தம் படத்துக்கு இரண்டு மாதிரிப் பதில்கள்.

முதல் மாணவி: ‘ரெய்ன் கமிங். மெனி பீப்பிள் வெயிட்டிங். திஸ் கேர்ள்... அம்ப்ரெல்லா நோ. ஷீ வெட்.’ நீ அங்கே இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு: ‘ஐ கிவ் மை அம்ப்ரெல்லா. நோ, நோ... வீ கோ டுகெதர். ஒன் அம்ப்ரெல்லா, டூ பீப்பிள்.’

இரண்டாம் மாணவர்: ‘ரெய்ன் இஸ் எ கிஃப்ட் ஆஃப் காட். இட் ஹெல்ப்ஸ் அவர் ஃபார்மர்ஸ். வித்தவுட் ரெய்ன் வீ கேனாட் லிவ்’ என்று தொடங்கி ஆறு வாக்கியம், ஒரு பிழையும் இல்லை. ‘வொய் இஸ் தி கேர்ள் வெட்?’ என்றதற்கு ‘யெஸ் சார்’. ‘வாட் இஸ் திஸ் மேன் டூயிங்?’ என்றதற்கு ‘மேன்’.

மாணவிக்குச் செய்தியில் 3. காட்சியைச் சொன்னார், சிக்கலைப் பார்த்தார், தீர்வும் சொன்னார். ‘நோ, நோ’ என்று தன் யோசனையைத் தானே மாற்றியது திணறல் அல்ல, ஆங்கிலத்தில் யோசிக்கிறார் என்பதற்கு அடையாளம். மொழி துண்டுத் தொடர், 1. உச்சரிப்பு 2. ஜோடிப் பேச்சில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், தானாகக் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டால் உரையாடல் 2. மொத்தம் 8.

மாணவரின் ஆறு வாக்கியமும் படத்தைப் பற்றியதல்ல, கேள்விக்குப் பதிலும் அல்ல. அவருடைய சொந்தப் பேச்சு ‘யெஸ் சார்’, ‘மேன்’ இரண்டுதான். செய்தி 1, மொழி 0, உச்சரிப்பு 2. ஜோடிப் பேச்சிலும் ஆசிரியரையே பார்த்துக்கொண்டிருந்தார் என்றால் உரையாடல் 1. மொத்தம் 4.

பழைய பழக்கத்தில் போட்டால் இந்த இரண்டு எண்ணும் இடம் மாறியிருக்கும். உங்கள் பள்ளியில் இந்த முறையைத் தொடங்கும்போது வரும் முதல் சண்டையும் இங்கேதான் வரும்: முதல் ரேங்க் மாணவருக்கு எப்படி 4 என்று.

இலக்கணப் பிழை ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் குறைக்க வேண்டாமா?

எண்ணிக் குறைத்தால் அதிகம் பேசுபவரே அதிகம் இழப்பார். மூன்று சொல்லோடு நிறுத்திக்கொண்டவர் தப்பித்துவிடுவார். பிழை பொருளைக் கெடுத்ததா என்று மட்டும் பாருங்கள். ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’, ‘வேர் யூ ஆர் கோயிங்?’ இவை தமிழ்ப் பேச்சாளர்களிடம் எங்கும் கேட்கும் பிழைகள். யாருக்கும் பொருள் மாறிப் புரிவதில்லை. ‘எ’, ‘தி’ விடுபடுவதும் அப்படித்தான், தமிழில் அந்த வகைச் சொல்லே இல்லை. ‘யெஸ்டர்டே ஐ கோ’ என்பதில் ‘யெஸ்டர்டே’ காலத்தைக் காட்டிவிடுகிறது. ஆனால் ‘ஹி பீட் மீ’, ‘ஐ பீட் ஹிம்’ இரண்டையும் மாற்றிச் சொன்னால் யார் யாரை அடித்தார்கள் என்பதே தலைகீழாகிவிடும். அதற்குக் குறைக்கலாம்.

ஒரு பிழையை ஒரே வரிசையில்தான் கணக்கிட வேண்டும். ‘வாக்ட்’ என்பதன் கடைசி ஒலி விழுந்து ‘வாக்’ என்று வந்தால் அது உச்சரிப்பா இலக்கணமா என்று தெரியாது. இரண்டிலும் வெட்டாதீர்கள். எதில் சேர்ப்பது என்று முன்கூட்டியே பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

‘பஸ்ஸு’, ‘இஸ்கூல்’ என்றால் உச்சரிப்பில் குறைக்கலாமா?

புரிந்தது என்றால் குறைக்க வேண்டியதில்லை. சொல்லின் கடைசியில் உகரம் சேர்வதும், ‘ஸ்’ஸுக்கு முன்னால் இகரம் வருவதும், ‘எக்’ என்பது ‘யெக்’ ஆவதும், ‘ஒன்லி’ என்பது ‘வொன்லி’ ஆவதும் தமிழின் ஒலி இயல்பு. கேட்பவர் தடுக்கி விழுவதில்லை.

தடுக்கி விழும் இடங்கள் வேறு. முதுகைக் குறிக்கும் சொல்லையும் மூட்டை கட்டுவதைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘பேக்’. தொண்டை அதிரும் ஒலி, அதிராத ஒலி என்ற வேறுபாடு சொல்லின் முதலில் தமிழுக்குத் தேவைப்படாததால் பிள்ளைகள் பேச்சிலும் அது கலந்துவிடும். அடுத்தது அழுத்தம் விழும் அசை. ‘டெவலப்’ என்பதில் ‘வெ’ ஒலிக்கும் நடு அசையில் விழ வேண்டிய அழுத்தம் முதல் அசைக்குப் போனால், வெளியூர்க்காரர் ஒரு கணம் விழிப்பார். கடைசி மெய்யொலிகள் கூட்டமாக வரும்போது ஒன்றிரண்டு விழுந்துவிடுவதும் இந்த வகைதான்.

ஐரோப்பியப் பேரவை 2001இல் வெளியிட்ட பொது ஐரோப்பிய மொழிச் சட்டகத்தில் (மொழித் திறனைப் படிபடியாக விவரிக்கும் சிஇஎஃப்ஆர்) உச்சரிப்புக்கு இருந்த அளவுகோல் 2018இல் வந்த துணைத் தொகுதியில் திருத்தி எழுதப்பட்டது. தாய்மொழியாளர் போல ஒலிக்கிறதா என்பதை விட்டுவிட்டு, புரியும்படி இருக்கிறதா என்பதை முன்னால் வைத்தார்கள். தொலைக்காட்சி ஆங்கிலத்தை வகுப்பில் எதிர்பார்ப்பவர்களிடம் இதைச் சொல்லலாம்.

ஒரு சிக்கலும் இருக்கிறது. நாமும் அதே ஊர்க்காரர்கள். பிள்ளை எப்படிச் சொன்னாலும் நமக்குப் புரிந்துவிடும். ‘தமிழ் தெரியாத ஒருவருக்கு இது புரியுமா?’ என்று கேட்டுக்கொண்டு இந்த வரிசையை நிரப்புங்கள்.

நடுவில் தமிழில் பேசினால்?

ஒரு சொல் தெரியாமல் தமிழில் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் தொடர்ந்தால் விட்டுவிடுங்கள். ‘குடை இங்கிலீஷ்ல என்ன மிஸ்?’ என்று தமிழில் கேட்டால் சொல்லிக்கொடுங்கள். ‘வாட் இஸ் குடை இன் இங்கிலீஷ்?’ என்று கேட்டால் அதற்கு உரையாடல் வரிசையில் மதிப்பே உண்டு. ஜோடிப் பேச்சு முழுவதும் தமிழுக்குப் போய்விட்டால் ஒருமுறை ‘இன் இங்கிலீஷ், ப்ளீஸ்’ என்று நினைவூட்டுங்கள். அதற்குமேல் வந்த தமிழைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

வாயே திறக்காமல் நிற்கிறார். என்ன செய்வது?

முதலில் காத்திருங்கள். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார் என்பதை 1970களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளை ஆராய்ந்து காட்டினார். 3 வினாடி காத்தாலே பதில்கள் நீளமாக வந்தன. அயல்மொழியில் பதில் தேடும் பிள்ளைக்கு 5 வினாடியாவது வேண்டும். மனத்துக்குள் எண்ணுங்கள், கேட்கும் நமக்குத்தான் அது நெடுநேரமாகத் தெரியும்.

அதற்குப் பிறகு திரும்பக் கேட்பது, பிறகு எளிய வடிவம், பிறகு படத்தில் விரல் வைத்து ‘வாட் இஸ் திஸ்?’. அப்போதும் மௌனம் என்றால் நிறுத்திவிட்டு அடுத்த வாரம் வேறு தோழரோடு மறுபடி கூப்பிடுங்கள். 0 போடுவதற்கு முன் இரண்டு வாய்ப்பு கொடுத்திருக்க வேண்டும். தேர்வு நடக்கும் இடத்தையும் பாருங்கள். வகுப்பின் முன்னால் நிற்கவைத்து நாற்பது பேர் பார்க்கப் பேசச் சொல்வது பலருக்கு வாயைக் கட்டிவிடும். வராந்தா மூலையில் மூன்று நாற்காலி போட்டு உட்காருங்கள். மற்றவர்கள் உள்ளே எழுத்துப் பணி செய்யட்டும், கண் பார்வையில் கதவு இருக்கட்டும்.

திக்கிப் பேசும் பிள்ளைக்கு நேரத்தை இரட்டிப்பாக்குங்கள், வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். திக்கலால் வந்த இடைவெளி எந்த வரிசையிலும் சேராது. காது சரியாகக் கேட்காதவருக்குக் கேள்வியை அச்சிட்டுக் காட்டலாம்.

ஜோடியில் ஒருவரே பேசிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு காரணம் இருக்கலாம். ஜோடி சேர்த்தது ஏறுமாறாக இருக்கலாம். மிக நன்றாகப் பேசுபவரையும் மிகவும் தயங்குபவரையும் சேர்த்தால் இருவருக்கும் நட்டம். முன்னவருக்குப் பேச ஆளில்லை, பின்னவருக்கு இடமில்லை. பக்கத்துப் பக்கத்துத் திறனில் உள்ளவர்களை, முடிந்தால் ஏற்கெனவே பழகியவர்களைச் சேருங்கள். இன்னொன்று, பணியில் இருவருக்கும் பங்கு இல்லாமல் இருக்கலாம். தகவலைப் பிரித்துக் கொடுத்தால் அது சரியாகும்.

நடக்கும்போதே அப்படி ஆனால் ஒன்றரை நிமிடம் கழித்து அமைதியாக இருப்பவர் பெயரைச் சொல்லி ‘வாட் டூ யூ திங்க்?’ என்று மட்டும் கேளுங்கள். அடுத்தவரைப் பேசவிடாமல் ஓட்டுபவருக்கு உரையாடலில் 3 கிடையாது.

பேசும்போதே பிழையைத் திருத்தலாமா?

தேர்வில் கூடாது. திருத்திய நொடியிலிருந்து அவர் பாதுகாப்பான ஒற்றைச் சொற்களுக்குப் போய்விடுவார். ‘வெரி குட்’ என்றும் சொல்லாதீர்கள். ஒருவருக்குச் சொல்லி மற்றவருக்குச் சொல்லாவிட்டால் அவர் முகம் வாடிவிடும். ‘தேங்க் யூ’ எல்லோருக்கும் பொது.

இரண்டு ஆசிரியர்கள் போட்டால் மதிப்பெண் ஒத்துவருவதில்லையே?

அளவுகோல் ஒன்றாக இருந்தாலும் காது ஒன்றாக இருக்காது. தேர்வுக்கு முன் ஐந்து மாணவர்களின் பேச்சைப் பதிவு செய்து, ஆங்கில ஆசிரியர்கள் எல்லோரும் உட்கார்ந்து தனித்தனியாக மதிப்பெண் எழுதி, ஒரே நேரத்தில் தாளைத் திருப்பிக் காட்டுங்கள். 10க்கு 2 அல்லது அதற்குமேல் வித்தியாசம் இருக்கும் பதிவை மறுபடி கேட்டு, எந்த வரிசையில் பிரிந்தீர்கள் என்று பார்த்து, எடுத்த முடிவை ஒரு வரியில் எழுதிவையுங்கள். ஒரு மணி நேரம் போதும். தேர்வு நடக்கும்போது பத்தில் ஒருவரை இருவரும் மதிப்பிட்டால் பாதை விலகுவது தெரிந்துவிடும்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்: எழுத்துத் தேர்வில் நன்றாகச் செய்பவருக்குப் பேச்சிலும் கூடுதலாகப் போடுவது, மிக நன்றாகப் பேசியவருக்கு அடுத்து வருபவரை அவரோடு ஒப்பிட்டுக் குறைப்பது, பிரச்சினை வேண்டாமென்று எல்லோருக்கும் 6, 7 போடுவது. கடைசிப் பாடவேளையில் களைப்பில் கை போன போக்கில் எழுதுவதும் உண்டு. ஒரு ஜோடிக்கான மதிப்பெண்ணை அடுத்த ஜோடி உட்காருவதற்குள் எழுதிவிடுங்கள், மாலையில் மொத்தமாக உட்கார்ந்து நினைவிலிருந்து எழுத வேண்டாம்.

கேம்பிரிட்ஜ் பேச்சுத் தேர்வுகளில் இரண்டு தேர்வாளர் இருப்பார்கள். ஒருவர் பேசுவார், மற்றவர் பேச்சில் கலந்துகொள்ளாமல் கேட்டு மதிப்பெண் போடுவார். ஒரே ஆங்கில ஆசிரியர் இருக்கும் பள்ளியில் அது நடக்காது. செய்திக்கும் உரையாடலுக்கும் அங்கேயே போட்டுவிட்டு, மொழிக்கும் உச்சரிப்புக்கும் பதிவைக் கேட்டுப் போடுவது அதற்கு ஓரளவு ஈடு.

ஒலிப்பதிவு செய்யக் கருவி வேண்டுமா?

கைப்பேசி போதும். விமானப் பயன்முறையில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் பதிவு அறுந்துவிடும். மேசைமேல் நேரடியாக வைத்தால் பெஞ்சு அசையும் ஒலியெல்லாம் பதிவாகும். மடித்த துண்டின்மேல், இருவருக்கும் சம தூரத்தில், அரை மீட்டருக்குள் வையுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம். முதல் ஜோடியை 10 வினாடி பதிவு செய்து கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பதிவின் தொடக்கத்தில் பெயருக்குப் பதில் வரிசை எண்ணைச் சொல்லுங்கள். காணொளி தேவையில்லை. தலைமையாசிரியர் வழியாகப் பெற்றோரின் ஒப்புதல் வாங்குங்கள், எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள், பருவம் முடிந்து மதிப்பெண் உறுதியானதும் அழித்துவிடுங்கள்.

ஐஇஎல்டிஎஸ் அளவுகோலையே எடுத்துக்கொண்டால் என்ன?

அமைப்பைப் பார்த்துக் கற்கலாம். அதன் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம், மூன்று பகுதி. நடுப்பகுதியில் ஒரு நிமிடம் யோசித்து ஒன்று முதல் இரண்டு நிமிடம் தனியாகப் பேச வேண்டும். சரளமும் கோவையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என நான்கு அளவுகோலுக்கும் சம எடை. ஆனால் அது வெளிநாட்டில் படிக்கவும் குடியேறவும் போகும் பெரியவர்களுக்கானது. எட்டாம் வகுப்பை அதில் நிறுத்தினால் முக்கால்வாசிப் பேர் கீழ்ப்படிகளிலேயே குவிவார்கள். யார் முன்னேறினார், யார் முன்னேறவில்லை என்று பிரித்துப் பார்க்க முடியாது.

பொது ஐரோப்பியச் சட்டகத்தின் ஆறு படிகளில் கீழ் இரண்டான ஏ1, ஏ2 விவரிப்புகள் நம் வகுப்புக்கு நெருக்கமானவை. எதிரில் இருப்பவர் மெதுவாகவும் திரும்பவும் சொல்லத் தயாராக இருந்தால் தன்னைப் பற்றி எளிமையாகப் பேசுவது ஏ1. பழகிய, அன்றாட விஷயங்களில் சின்னச் சின்ன உரையாடல் நடத்துவது ஏ2. ஒரு ஜோடிக்கான நேரத்தை எப்படிப் பகிர்வது என்று பார்க்க, ஏ2 நிலைக்கான கேம்பிரிட்ஜ் கீ தேர்வைப் பாருங்கள்: ஒரு ஜோடிக்கு 8 முதல் 10 நிமிடம்.

செயலியே மதிப்பெண் போட்டுவிடுமே, ஆசிரியர் எதற்கு?

கணினியிடம் பேசும் தேர்வு புதிதல்ல. டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் இணையவழி வடிவத்தில் பேச்சுப் பகுதி 2005இலேயே வந்துவிட்டது. உச்சரிப்புப் பயிற்சிக்குச் செயலி நல்ல துணை, அலுக்காமல் நூறு முறை கேட்கும். ஆனால் மேலே சொன்ன உரையாடல் வரிசையை, அதாவது தோழர் சொன்னதைக் கேட்டுத் தன் பேச்சை மாற்றிக்கொள்வதை, ஒலிவாங்கியிடம் தனியாகப் பேசும் பிள்ளையிடம் பார்க்க வழியில்லை.

மதிப்பெண்ணை மாணவரிடம் எப்படிச் சொல்வது?

எண்ணை மட்டும் சொன்னால் பக்கத்துப் பெஞ்சோடு ஒப்பிட்டுவிட்டு மறந்துவிடுவார். வரிசைவாரியாகச் சொல்லி, அடுத்த முறைக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: ‘நீ பதில் நல்லா சொல்ற. அடுத்த தடவை பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட ரெண்டு கேள்வி நீயா கேக்கணும்.’ ஐந்து குறையை அடுக்கினால் ஒன்றும் தங்காது. அளவுகோலை முன்கூட்டியே தமிழில் விளக்கி வகுப்பில் ஒட்டிவைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. கேள்வி கேட்டால் மதிப்பெண் உண்டு என்று தெரிந்தபின்தான் பலர் கேட்கவே தொடங்குகிறார்கள்.

மதிப்பெண் குறைவு என்று பெற்றோர் வந்து கேட்டால்?

நான்கு வரிசை நிரப்பிய தாளைக் காட்டுங்கள். அவருடைய பிள்ளையின் பதிவையும் போட்டுக் காட்டலாம். அதில் ஜோடியாகப் பேசிய மற்றவரின் மதிப்பெண்ணைச் சொல்ல வேண்டாம். அப்போதும் ஒப்பவில்லையென்றால் முதல் மதிப்பெண்ணைக் காட்டாமல் பதிவை வேறொரு ஆங்கில ஆசிரியரிடம் கொடுத்து மறுமதிப்பீடு செய்யச் சொல்லுங்கள். வித்தியாசம் 1 என்றால் இரண்டில் கூடுதலானதைக் கொடுத்துவிடலாம். 2 அல்லது அதற்குமேல் என்றால் இருவரும் சேர்ந்து மறுபடி கேட்டு ஒரு முடிவுக்கு வாருங்கள், அந்த முடிவையும் காரணத்தையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.